ஆள் எடுப்பது எப்படி? கண் டாக்டர் காட்டிய வழி!

ஒரு பள்ளிக்கூடம். அங்கே ஓர் ஆசிரியர் வேலை காலி. 40 பேர் மனுப் போட்டிருக்கிறார்கள்.

எல்லோரும் படித்தவர்கள். எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் ஒருவரைத்தான் எடுக்க முடியும். யாரை எடுப்பது?

முதல் மார்க்கு வாங்கியவரையா? நன்றாகப் பேசுகிறவரையா? பெரிய மனிதரின் சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவரையா?

இது சின்ன விஷயம் அல்ல. வேலைக்கு வந்த ஆசிரியர் 30 வருஷம் இருப்பார். வருஷத்துக்கு 40 பிள்ளைகள் என்றாலும், 1,200 பிள்ளைகள் அவர் கையில் வளர்வார்கள். ஒரு நாள் காலையில் தவறான ஆளை எடுத்துவிட்டால், 1,200 குடும்பங்கள் அதை அனுபவிக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் மட்டும் அல்ல. ஆஸ்பத்திரி, பாங்கி, மில், கடை எல்லா இடத்திலும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்விக்கு மதுரையில் ஒரு கண் டாக்டர் விடை கண்டார். அவர் பெயர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. "டாக்டர் வி" என்று உலகம் அவரை அழைத்தது. அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் அவர்தான். அவர் ஆட்களை எப்படிப் பொறுக்கினார், எப்படி வேலை வாங்கினார் என்பது ஒரு பாடம். கல்லூரிகளில் அதை நிஜமாகவே பாடமாக வைத்திருக்கிறார்கள்!

மணலில் எழுதிய பையன்

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1918-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி வெங்கடசாமி பிறந்தார். பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர்.

சிறு வயதில் காகிதமும் பென்சிலும் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள்.

அந்த வயதில் அவர் மனதைக் கலக்கிய சம்பவம் ஒன்று உண்டு. உறவுக்காரப் பெண்கள் 3 பேர் பிரசவ சமயத்தில் இறந்து போனார்கள். கிராமத்தில் டாக்டர் இல்லை. "நான் டாக்டர் ஆவேன். பிரசவம் பார்ப்பேன்" என்று பையன் முடிவு செய்தான்.

முடிவு செய்தபடியே படித்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1944-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார்.

விரல்கள் வளைந்தன!

அப்போதுதான் அந்த இடி விழுந்தது. அவரை முடக்குவாத நோய் பிடித்தது. மூட்டுகள் வீங்கின. கை விரல்கள் கோணலாக வளைந்தன. பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தார். 1948-ல் ராணுவ வேலையும் போயிற்று.

பிரசவம் பார்க்கும் ஆசை அதோடு முடிந்தது. வேறொருவராக இருந்தால் ஒடுங்கிப் போயிருப்பார். வெங்கடசாமி கண் வைத்தியத்துக்குத் திரும்பினார்.

கண் ஆபரேஷன் என்றால் எவ்வளவு நுட்பமான வேலை! நல்ல விரல் உள்ளவர்களுக்கே கை நடுங்கும். வளைந்த விரல் உள்ளவர் என்ன செய்ய முடியும்? அவர் தம் கைக்குத் தகுந்தபடி கருவிகளைச் செய்து வாங்கிக்கொண்டார். கத்தியைப் பிடிக்கப் பழகினார். மறுபடி மறுபடி பழகினார். கடைசியில் கண்புரை ஆபரேஷனில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். 1956-ல் மதுரை அரசாங்க மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவின் தலைவர் ஆனார்.

அந்த விரல்களால் அவர் தம் வாழ்நாளில் செய்த கண் ஆபரேஷன்கள் 1 லட்சத்துக்கும் மேல்!

இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும். ஆளைப் பார்த்து வேலை கொடுக்கும் அதிகாரி ஒருவர் அந்தக் கைகளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "நீர் இந்த வேலைக்கு லாயக்கு இல்லை. போய் வாரும்" என்றுதான் சொல்லியிருப்பார்.

வெளியே தெரிவதை மட்டும் பார்த்து ஆளை எடுத்தால், ஒரு வெங்கடசாமியை இழந்துவிடுவோம். பின்னால் அவர் ஆட்களைத் தேடியபோது, மற்றவர்கள் தேடாத இடத்தில் போய்த் தேடினார்.

11 படுக்கைகள்

1976-ல் அவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்கள் ஈஸிசேரில் சாய்வார்கள். இவரோ மதுரையில் ஒரு வீட்டில் கண் ஆஸ்பத்திரி தொடங்கினார். மொத்தம் 11 படுக்கைகள். அரவிந்தர் மீது இருந்த பக்தியால் அவர் பெயரையே ஆஸ்பத்திரிக்கு வைத்தார்.

கையில் பணம் இல்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்துப் பெண்கள் நகைகளைக் கொடுத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்கள். அவர்கள் கூட வந்தார்கள். தம்பி சீனிவாசன் என்ஜினீயர். கட்டடம், வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு.

பணம் உள்ளவர்களிடம் கட்டணம் வாங்குவது, இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த செலவிலோ பார்ப்பது என்பது திட்டம். ஆனால் நோயாளிகள் ஏராளம். டாக்டர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கண்புரையால் பார்வை இழந்தவர்கள் கிராமம் கிராமமாக இருந்தார்கள். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும். செய்வதற்குத்தான் ஆள் இல்லை.

டாக்டர் நேரம் எங்கே போகிறது?

டாக்டர் வி ஒரு கணக்குப் போட்டார்.

ஒரு கண் டாக்டர் நாள் முழுவதும் என்ன செய்கிறார்? பெயர், ஊர் கேட்கிறார். எழுத்துப் பலகையைக் காட்டிப் பார்வையைச் சோதிக்கிறார். கண்ணாடி அளவு பார்க்கிறார். மருந்து விடுகிறார். பயப்படுகிற நோயாளிக்குத் தைரியம் சொல்கிறார். இவற்றுக்கு நடுவே ஆபரேஷனும் செய்கிறார்.

இதில் டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது? நோயைக் கண்டுபிடித்து முடிவு சொல்வது, கத்தியைப் பிடிப்பது. மற்ற வேலைகளைப் பழக்கினால் பிறரும் செய்யலாம். நன்றாகவே செய்யலாம்.

அமெரிக்கா போனபோது அவர் ஒரு காட்சியைக் கண்டார். அங்கே மெக்டொனால்ட்ஸ் என்று ஓர் ஓட்டல் கம்பெனி. நூற்றுக்கணக்கான ஊர்களில் அதற்குக் கடைகள். எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே ருசி, ஒரே சுத்தம். வேலை செய்கிறவர்களோ சாதாரணப் பிள்ளைகள். ஒழுங்காகப் பழக்கியதால் அவர்களால் அது முடிந்தது. "ரொட்டிக்கு முடிகிறது, கண் வைத்தியத்துக்கு ஏன் முடியாது?" என்று அவர் யோசித்தார்.

சரி, பழக்குவதற்கு யாரைக் கூப்பிடுவது?

கிராமத்துப் பெண்கள்

இங்கேதான் டாக்டர் வியும் நாச்சியாரும் மற்றவர்கள் போகாத வழியில் போனார்கள். பட்டணத்தில் படித்த ஆட்களை அவர்கள் தேடவில்லை. கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களைத் தேடினார்கள்.

பிளஸ் டூ முடித்த 17, 18 வயதுப் பெண்கள். காட்டு வேலையும் வீட்டு வேலையும் பார்த்து வளர்ந்தவர்கள். மேலே படிக்க வசதி இல்லாதவர்கள். அடுத்தது கல்யாணம்தான் என்று இருந்தவர்கள்.

இவர்களை எப்படிப் பொறுக்குகிறார்கள்? மார்க்கை மட்டும் பார்ப்பது இல்லை. பெண்ணோடு பெற்றோரையும் வரச் சொல்லி, உட்கார வைத்துப் பேசுகிறார்கள். பெண்ணுக்குக் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறதா? பிறர் கஷ்டத்தைக் கண்டால் மனம் இரங்குகிறதா? மற்றவர்களோடு ஒத்துப் போவாளா? இவற்றைப் பார்க்கிறார்கள்.

பெற்றோரிடம் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயசுக்கு வந்த பெண்ணை வெளியூரில் விடுவது என்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும். எங்கே தங்குவாள், யார் பார்த்துக்கொள்வார்கள், என்ன வேலை என்று எல்லாவற்றையும் தாயும் தகப்பனும் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். குடும்பம் சம்மதித்தால்தான் பெண் நிம்மதியாக வேலை பார்ப்பாள்.

இரண்டு வருஷப் பயிற்சி

ஆளை எடுத்தாயிற்று. மறுநாளே வேலையில் தள்ளிவிட்டார்களா? இல்லை. இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். அதற்குச் சம்பளம் கட்டத் தேவை இல்லை. பயிற்சிக் காலத்தில் பெண்ணுக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். தங்குவதற்கு விடுதி இருக்கிறது.

முதல் சில மாதங்கள் பொதுவான பாடங்கள். கண் எப்படி இருக்கிறது, நோய் எப்படி வருகிறது, சுத்தம் என்றால் என்ன, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று கற்றுக் கொடுக்கிறார்கள். பிறகு யாருக்கு எது நன்றாக வருகிறது என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஒருத்தி கண்ணாடி அளவு பார்க்கப் போகிறாள். ஒருத்தி ஆபரேஷன் அறைக்குப் போகிறாள். நிதானமாகப் பேசத் தெரிந்தவள், நோயாளிகளுக்கு ஆபரேஷனைப் பற்றி எடுத்துச் சொல்லும் வேலைக்குப் போகிறாள்.

மூத்தவள் பக்கத்தில் நின்று இளையவள் பழகுகிறாள். பழகியவள் பிறகு அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஆஸ்பத்திரியே ஒரு பள்ளிக்கூடம்!

ஒரு டாக்டர், இரண்டு மேஜை

இதன் பலனை ஆபரேஷன் அறையில் பார்க்கலாம்.

ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கிறது. பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருக்கிறார். கண்ணைச் சுத்தம் செய்து, மருந்து போட்டு, கருவிகளை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் முடித்து வைத்திருக்கிறார்கள். முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அந்தப் பக்கம் திரும்புகிறார். மைக்ராஸ்கோப்பும் அவரோடு திரும்புகிறது. வேலை தொடர்கிறது.

இப்படி மணிக்கு 6 முதல் 8 ஆபரேஷன் வரை ஒரு டாக்டரால் செய்ய முடிகிறது. இது அவசர வேலை அல்ல. டாக்டர் சும்மா காத்திருக்கும் நேரம்தான் மிச்சமாகிறது. அந்த நேரத்தில் இன்னொரு ஏழைக்குக் கண் கிடைக்கிறது.

1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அங்கே தயார் ஆகிறது. அதுவரை லென்ஸ் வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்தது. அது மிகவும் நுணுக்கமான வேலை. அங்கேயும் கிராமத்துப் பெண்களைப் பழக்கி எடுத்தார்கள். லென்ஸ் விலை மளமளவென்று இறங்கியது.

1993-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு வியாபாரக் கல்லூரி இந்த ஆஸ்பத்திரியைப் பாடமாக எழுதி வெளியிட்டது. பெரிய கம்பெனிகளை நடத்தப் போகிற மாணவர்கள் மதுரையைப் பற்றிப் படித்தார்கள்.

தலைவருக்கும் அதே சட்டம்

நல்ல ஆளை எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. தலைவர் சரியில்லை என்றால் நல்ல ஆளும் ஒரு வருஷத்தில் கெட்டுப் போவார். இல்லாவிட்டால் ஓடிப் போவார்.

டாக்டர் வி ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கவில்லை. அரசாங்க பென்ஷனில் வாழ்ந்தார். தலைவரே அப்படி இருக்கும்போது, "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்க மற்றவர்களுக்கு வாய் வராது.

பணம் கொடுத்தவருக்கு ஒரு டாக்டர், இலவசமாக வந்தவருக்கு வேறு டாக்டர் என்று அங்கே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் டாக்டர்கள் முறை மாற்றி வேலை பார்க்கிறார்கள். "எல்லோரும் சமம்" என்று சுவரில் எழுதி வைப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

ஆபரேஷனில் கோளாறு வந்தால் அதை மறைப்பது இல்லை. எந்த டாக்டர், எந்தக் குழு, என்ன நடந்தது என்று குறித்து வைக்கிறார்கள். ஆளைத் திட்டுவதற்கு அல்ல. அடுத்த கண்ணைக் காப்பாற்றுவதற்கு.

சொந்தக்காரர்களைச் சேர்க்கலாமா?

"அவரும் தங்கை, தம்பி என்று சொந்தக்காரர்களைத்தானே சேர்த்தார்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஆனால் அவர்கள் வேலை தெரிந்தவர்கள். நோகாமல் சம்பளம் வாங்க வந்தவர்கள் அல்ல. நகையைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். மற்றவர்களைவிட அவர்கள் அதிகம் உழைக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரருக்கு அதிக வேலை கொடுத்தால் அது தியாகம். குறைந்த வேலையும் அதிக சம்பளமும் கொடுத்தால் அது அநியாயம்.

"மனசைப் பார்த்து எடுக்கிறேன்" என்ற பேச்சிலும் ஓர் ஆபத்து உண்டு. அந்தப் பெயரில் தன் ஜாதியையும் தன் ஊரையும் பார்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தை விசாரிப்பது பெண்ணுக்குப் பாதுகாப்பு தருவதற்காக இருக்க வேண்டும். வடிகட்டி ஒதுக்குவதற்காக இருக்கக்கூடாது.

கஷ்டங்களும் இல்லாமல் இல்லை. நன்றாகப் பழகிய பெண்களில் பலர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரிகள் டாக்டர்களுக்கு அதிகச் சம்பளம் கொடுத்து அழைக்கின்றன. அதனால் பயிற்சியை ஒரு நாளும் நிறுத்த முடியாது. ஒரு பக்கம் ஆள் போகப் போக, மறு பக்கம் ஆளைப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும். போகிறவளும் வெறுங்கையோடு போவது இல்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போகிறாள்.

பள்ளிக்கூடத்துக்கு 5 பாடங்கள்

இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவோம். 40 பேர் வெளியே காத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் என்ன செய்யலாம்?

1. ஆளைத் தேடும் முன்பு வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது, மற்றவர் செய்யக்கூடியது எது என்று பிரிக்க வேண்டும். ஆசிரியரின் நேரமெல்லாம் பட்டியல் எழுதுவதில் போனால், பாடம் யார் நடத்துவது?

2. வாய்ப் பேச்சைக் கேட்டு ஆளை எடுக்கக்கூடாது. வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு வகுப்பில் அரை மணி நேரம் பாடம் நடத்தச் சொல்லலாம். கடைசி பெஞ்சுப் பையனிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனிக்கலாம். வாசலில் பியூனிடம் எப்படிப் பேசினார் என்றும் விசாரிக்கலாம். ஆளின் குணம் அங்கே தெரிந்துவிடும்.

3. புது ஆளைத் தனியே விடக்கூடாது. முதல் வருஷம் ஒரு மூத்த ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, "அவனுக்கு நீந்தத் தெரியவில்லை" என்று குறை சொல்வது நியாயம் அல்ல.

4. தவறு நடந்தால் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது. தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். பயந்தவர் தவறைத் திருத்த மாட்டார், மறைப்பார். நல்லது செய்தால் பத்துப் பேர் முன்னால் பாராட்ட வேண்டும்.

5. தலைவர் தானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். 9 மணிக்கு வரச் சொல்கிறவர் 9 மணிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

இவை பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அல்ல. மளிகைக் கடையில் ஒரு பையனை வேலைக்கு வைப்பவருக்கும் இதேதான். மார்க்கு தெரிந்துவிடும், காகிதத்தில் இருக்கிறது. மனசு காகிதத்தில் இல்லை. அதைப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வேலையைக் கற்றுக் கொடுத்துவிடலாம். பிறரிடம் இரக்கம் காட்டுவதை 25 வயதுக்கு மேல் கற்றுக் கொடுப்பது கஷ்டம்.

முதலில் தெரியும் முகம்

2006-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி டாக்டர் வி காலமானார். 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி அதற்குள் தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று வளர்ந்துவிட்டது. அவருக்குப் பிறகும் அது வளர்ந்தது. தலைவர் போன பிறகும் வேலை நடக்கிறது என்றால், தலைவர் நல்ல ஆட்களை உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் கண் கட்டு அவிழ்க்கும் நேரம். கிழவி ஒருத்தி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. கட்டு மெல்ல அவிழ்கிறது. கிழவி கண்ணைச் சிமிட்டுகிறாள். மங்கல் விலகுகிறது. எதிரே ஒரு முகம்.

அது பெரிய டாக்டரின் முகமாக இருக்க வேண்டும் என்பது இல்லை. பல சமயம், "பாட்டி, தெரியுதா? இது எத்தனை விரல், சொல்லு பார்ப்போம்" என்று கேட்கும் ஒரு கிராமத்துப் பெண்ணின் முகம்தான்!